பூஜை போட்ட லேப்டாப்

அத்தியாயம் 4

தொழிற்சாலை வாசலில் பூசணிக்காய் நாலு நாளாகக் கிடந்தது. ஆயுத பூஜையன்று உடைத்தது. வெள்ளிக்கிழமை குங்குமச் சிவப்பாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அது கறுத்து, புளித்து, லாரிச் சக்கரத்தில் அரைபட்டு, சிப்காட் ரோட்டுத் தூசியோடு சேர்ந்து ஒரு களிம்பாகியிருந்தது. சரோஜம்மாள் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினாள். மூக்கைப் பொத்தவில்லை. இருபது வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த குடோன்களையும் அழுகிய சரக்கையும் பார்த்து நஷ்டம் மதிப்பிடுகிறவள். நாற்றத்துக்கு அவள் முகம் சுளிப்பதில்லை. மனிதர்கள் சொல்லும் காரணங்களுக்குத்தான் சுளிப்பாள்.

"மேடம், மணி ஒண்ணே கால்," என்றான் பின்னால் வந்த சுடலைமுத்து. அவளுடைய உதவியாள். திருநெல்வேலிப் பக்கத்து ரேடியோ மெக்கானிக். ஓசூருக்கு வந்து பத்து வருஷமாகியும் நாக்கிலிருந்து ஊர்ப் பேச்சு இறங்கவில்லை, தோளிலிருந்து கருவிப் பையும் இறங்கவில்லை. "நாலு மணிக்கு முனிவேலைக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாவ. நாம இன்னும் பூசணிக்காயைத் தாண்டிக்கிட்டு நிக்கோம்."

கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் முனிவேலின் மனைவி மாரம்மா உட்கார்ந்திருந்தாள். காலை ஏழு மணியிலிருந்து அங்கேதான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சரோஜம்மாளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். பேச வேண்டியதையெல்லாம் நேற்றே அவளிடம் பேசித் தீர்த்திருந்தாள்.

கம்பெனி கொடுத்த புகார் இது. சனிக்கிழமை, விஜயதசமி, காலை ஆறு மணி முதல் ஷிப்ட். இருநூறு டன் பிரஸ்ஸில் தகடு அடிக்க உட்கார்ந்தான் கங்கப்பன் என்கிற தேன்கனிக்கோட்டைக் கூலியாள். அந்தப் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஷிப்ட்டுக்குப் பொறுப்பான முனிவேல் குடித்துவிட்டு வந்து, வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகிவிட்டான். முதல் அடியிலேயே கங்கப்பனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இப்போது கங்கப்பன் பெங்களூரில் ஏதோ ஆஸ்பத்திரியில். பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. முனிவேல் நேற்றிலிருந்து லாக்கப்பில்.

முனிவேல் தன் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "நான் ஆறு மணிக்குப் போனப்பவே மெஷினு கழுவிச் சுத்தமா இருந்துச்சு. அந்த ஆளை நான் கண்ணுல கூடப் பார்க்கல."

சாட்சிக்கு எந்தத் தொழிலாளியும் வரவில்லை. பிரஸ்ஸோடு வயர் போட்டு இணைத்திருந்த ஒரு சின்ன லேப்டாப் மட்டும் இருந்தது. பிரஸ் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் தேதி, நேரத்தோடு பதிந்துகொள்வது அது. அதைக் கேட்டால், விபத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகிச் செத்துவிட்டது என்றார்கள்.

செத்தது என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் கம்பெனி மேலாளர் அதற்கு இன்சூரன்ஸ் கேட்டு விண்ணப்பமும் போட்டிருந்தார். ஒருத்தனின் கை போன மூன்றாம் நாள், லேப்டாப்புக்கு நஷ்ட ஈடு. ஓசூர் வட்டாரத்து விண்ணப்பம் எதுவானாலும் சரோஜம்மாளின் மேஜைக்குத்தான் வரும். காலையில் அந்த உறையைப் பிரித்துப் படித்தபோது, குடித்துக்கொண்டிருந்த காபியை அவள் அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள்.

"வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கான்," என்று சுடலைமுத்துதான் தேற்றினான். "போகாம இருந்தா மரியாதை இல்ல மேடம்."

மேலாளர் நஞ்சுண்டமூர்த்தியின் அறையில் குளிர்சாதனம் ஓடியது. ஜன்னல்களை அடைத்திருந்ததால் சாம்பிராணியும் அழுகிய சாமந்தியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. மேஜையின் மேல், நோட்டுப் புத்தகத்தை விடப் பெரிதில்லாத அந்த லேப்டாப். மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து வெடித்திருந்தன. ஓரத்து நாற்காலியில், காவலுக்குப் போட்ட ஹெட் கான்ஸ்டபிள் வெங்கடசாமி மடியில் பேப்பரை விரித்துப் பூஜைப் பொரியை மென்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு மேடம் இந்த வெயில்ல?" என்று எழுந்தார் நஞ்சுண்டமூர்த்தி. "டோட்டல் லாஸ்னு ஒரு கையெழுத்து. ரெண்டு நிமிஷ வேலை. ஜூஸ் சொல்லட்டுமா?"

"கங்கப்பன் எப்படி இருக்கான்?"

"யாரு? ஓ, அந்த லேபரா? அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துப்பான். இது இம்போர்ட் பீஸ் மேடம். சிங்கப்பூர்லேர்ந்து வந்தது."

குலுக்குவதற்காக அவர் கையை நீட்டினார். அதில் ஐந்து விரலும் இருந்தன, மூன்றில் மோதிரம். சரோஜம்மாள் அந்தக் கையைப் பார்த்தாளே தவிரத் தொடவில்லை.

"சுடலைமுத்து, பாரு."

சுடலைமுத்து வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. திரை வெளுத்தது. எண்கள் கடகடவென்று ஏறி நின்றன. 'கீச்' என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரையில் இரண்டே வரி: உள்ளே ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு எதுவும் இல்லை, இன்றைய தேதி 1980 ஜனவரி ஒன்று. அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிட்டது.

"நான்தான் சொன்னேனே," என்றார் மேலாளர். "பெங்களூர் எக்ஸ்பர்ட்டே வந்து பார்த்துக் கையை விரிச்சுட்டார்."

கையை விரிச்சுட்டார் என்று அவர் சுலபமாகச் சொன்னதும் சரோஜம்மாள் மறுபடி அவருடைய மோதிர விரல்களைப் பார்த்தாள்.

சுடலைமுத்து குனிந்து லேப்டாப்பில் காதை வைத்தான். "உள்ள வட்டு சுத்துது மேடம். ஷார்ட்ல செத்த வட்டு சுத்தாது. எரிஞ்ச வாடை வரும். இதுல சாமந்தி வாடைதான் வருது."

"அப்புறம் ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?"

"எந்திரிச்சுட்டான். எந்திரிச்சு உக்காந்து, நான் யாரு, இது எந்த ஊருன்னு முழிக்கான். இதுக்குள்ள வாட்ச் செல் மாதிரி ஒண்ணு இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்துல தேதியையும், வயித்துக்குள்ள எந்த மாதிரி வட்டு இருக்குங்கதையும் ஞாபகம் வச்சிருக்கது அதுதான். அது போனா, வட்டுல எழுதினது எங்கயும் போகாது. வட்டுன்னு ஒண்ணு இருக்கதைத்தான் மறந்துருவான்."

லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியிலிருந்த சின்ன மூடியின் திருகைக் கழற்றினான். செல் இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு விரல் அளவுக்குக் குங்குமம்.

சுடலைமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். "ஷார்ட் சர்க்யூட் வந்து செல்லைக் கழட்டி எடுத்துக்கிட்டு, மூடியைத் திரும்ப மாட்டி, திருகையும் முறுக்கிட்டுப் போயிருக்கு. ஒழுக்கமான ஷார்ட் சர்க்யூட்!"

"பூஜைக்கு அப்புறம் போயிருக்கு," என்றாள் சரோஜம்மாள். "குங்குமக் கையோட."

நடந்தது அவளுக்குப் புரிந்தது. இந்தக் கம்பெனியில் லேப்டாப்பை ஓட்டத் தெரிந்தவன் முனிவேல் ஒருத்தன்தான். அழிக்க நினைத்தவனுக்கு அதில் ஓர் எழுத்தைக்கூட அழிக்கத் தெரியவில்லை. பாட்டரியைப் பிடுங்கினால் ஸ்கூட்டரில் ஹாரன் அடிக்காது என்கிற அளவுதான் அவன் விஞ்ஞானம். பிடுங்கினான். லேப்டாப் எழுந்திருக்கவில்லை. ஒழிந்தது என்று நிம்மதியானான். அந்த நிம்மதியில்தான் நஷ்ட ஈடு கேட்கும் தைரியம் வந்திருக்கிறது.

சுடலைமுத்து பையிலிருந்து புது செல்லை எடுத்துப் போட்டான். பக்கத்து மூடியைத் திறந்து, வட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், அது எந்த மாதிரி வட்டு என்று சொல்லும் மூன்று எண்களைப் படித்து, திரையில் கேட்ட இடங்களில் தட்டினான்.

"ஏய், இரு! அது கம்பெனி சொத்து!" நஞ்சுண்டமூர்த்தி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"டோட்டல் லாஸ்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க," என்றாள் சரோஜம்மாள். "நான் கையெழுத்துப் போடற வரைக்கும் அது என்னோட பரிசோதனையில இருக்கு. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்தது. இந்த முறை நிற்கவில்லை. பிரஸ்ஸின் பதிவேடு வரி வரியாகத் திரையில் இறங்கியது. ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், அதுவரை அடித்த மொத்த அடிகளின் எண்ணிக்கை.

சரோஜம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். "வெள்ளிக்கிழமை, பகல் பதினொண்ணு அம்பத்திரண்டு. மொத்தம் 941206. அதோட மெஷின் நிக்குது. சரி, பூஜை. அடுத்த அடி..." அவள் குரல் மெதுவாயிற்று. "அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு முப்பத்தொண்ணு."

கான்ஸ்டபிள் வெங்கடசாமியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "வெள்ளிக்கிழமையா? பூஜை போட்ட மெஷினை அன்னிக்கே யாராச்சும் ஓட்டுவாங்களா? மறுநாள் காலையில எலுமிச்சம்பழம் வெட்டித்தானே தொடணும்?"

சுடலைமுத்து பக்கங்களைத் தள்ளத் தள்ள, சரோஜம்மாள் கடைசி வரிக்குப் போனாள். "அடிச்சிருக்காங்க. ராத்திரி ஏழு பன்னிரண்டு வரைக்கும். 942318. ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு அடி."

நஞ்சுண்டமூர்த்தி சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது. "மேடம், அஞ்சு நிமிஷம் முன்னாடி இதே லேப்டாப் இன்னிக்கு 1980ன்னு சொல்லுச்சு. அதோட கடிகாரத்தை எந்தக் கோர்ட் நம்பும்? போன மாசம் ஓட்டினதைக்கூட வெள்ளிக்கிழமைன்னு பதிஞ்சிருக்கும். பைத்தியம் சொல்ற தேதி அது."

"அது நியாயமாத்தானே இருக்குது?" என்றார் வெங்கடசாமி, சரோஜம்மாளைப் பார்த்து.

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடிகாரத்தின் கழுத்தை நெரித்தவனே, அதற்கு நேரம் தெரியாது என்று வாதாடுகிறான். மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

"பிரஸ்ஸைப் பார்க்கணும்," என்று எழுந்தாள். "லேப்டாப்பையும் தூக்கிட்டு வா, சுடலைமுத்து. அணைச்சுடாதே."

ஷெட்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் கால் வைத்த இடமெல்லாம் ஒட்டின. சனிக்கிழமை போலீஸ் கட்டிய சீலோடு பிரஸ் நின்றது. அதன் முன்னால் தரையில் இன்னொரு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அதன் மேல் ஈக்கள், கறுப்புத் துணி விரித்தது போல. சுடலைமுத்து காலால் தட்டினான். ஈக்கள் எழுந்து, மறுபடி அங்கேயே உட்கார்ந்தன.

"வாசல்ல கிடந்த காய்க்கு இவ்வளவு ஈ இல்லையே மேடம். ஒரு கம்பெனிக்கு எத்தனை திருஷ்டி?"

பக்கத்தில் துடைப்பத்தோடு ஒரு வயதான பெண் நின்றாள். கெம்பம்மா, கூட்டிப் பெருக்குகிறவள். மேலாளரைப் பார்த்ததும் துடைப்பத்தை இறுகப் பிடித்தாள். சரோஜம்மாள் கன்னடத்தில் அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பிரஸ்ஸின் பின்பக்கம் போனாள். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். அங்கே இரும்பின் மேல் சந்தனத்தால் எழுதியிருந்தது: பிள்ளையார் சுழி. அதன் கீழ் 'பகல் 12'. அதன் கீழ் ஓர் எண்.

"கெம்பம்மா, இது என்ன எழுத்து?"

"முனிவேலு எழுதினது அம்மா. வருஷா வருஷம் பூஜையில மெஷினோட வயசுன்னு மீட்டர் நம்பரைப் பார்த்து எழுதுவாங்க. அத்தனை பேரும் தொட்டுக் கும்பிடுவாங்க. நானும் கும்பிட்டேன்."

"மெஷின் பூரா கழுவியிருக்கே. இது மட்டும் எப்படி அழியல?"

கெம்பம்மா மேலாளரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "கழுவுன்னாங்க. கழுவினேன். சாமி எழுத்து மேல அந்த ரத்தத் தண்ணி பட விடலாமா? அதுக்கு மட்டும் கையை அணை கொடுத்துட்டு சுத்திக் கழுவினேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சதுக்கு அப்புறம். சீக்கிரம் சீக்கிரம்னாங்க. அப்புறம் அந்த இடத்து மேலேயே பூசணிக்காய் உடைச்சாங்க. சிவப்பு மேல சிவப்பு."

"பொய்! இவளுக்கு நாளும் தெரியாது கிழமையும் தெரியாது!" என்றார் நஞ்சுண்டமூர்த்தி.

சரோஜம்மாள் வெங்கடசாமியைப் பின்பக்கம் அழைத்தாள். "இந்த நம்பரைப் படிங்க."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒருக்களித்து நுழைந்தார். "ஒன்பது, நாலு, ஒண்ணு... ரெண்டு, பூஜ்யம், ஆறு."

"லேப்டாப்ல பகல் பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு என்ன நம்பர்?"

"941206," என்றான் சுடலைமுத்து.

"வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அறுபது பேர் தொட்டுக் கும்பிட்ட நம்பர் அது. அந்த நம்பருக்கு லேப்டாப்பும் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் முன்னன்னுதான் சொல்லுது. அப்போ கடிகாரம் பைத்தியம் இல்ல, ஏட்டு அண்ணே. சரியாத்தான் ஓடியிருக்கு. பைத்தியம் பிடிச்சது செல்லைப் பிடுங்கினதுக்கு அப்புறம். சனிக்கிழமை முதல் அடியில கை போச்சுன்னு புகார். அப்படின்னா முன்பக்கத்து மீட்டர்ல இப்போ 941207தான் இருக்கணும்."

வெங்கடசாமி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். மீட்டரைத் துடைத்துப் பார்த்தார். அதில் 941207 இல்லை. திரும்பியபோது அவர் முகத்தில் பொரி தின்ற சுகம் இல்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க சானமாவு காட்டுல இருந்தோம்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "ரோட்டுல அஞ்சு யானை. ராயக்கோட்டை பஸ்ஸை ஆறரையிலேர்ந்து எட்டரை வரைக்கும் ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்சோம். யானையைப் பார்க்க ஒருத்தன் இறங்கினான். ஏறுடா பஸ்ஸுலன்னு நான்தான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினேன். அது முனிவேலு. ஸ்டேஷன்ல அவனை லாக்கப்புல போடறப்பவே, எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்குதேன்னு நினைச்சேன். சனிக்கிழமை கேசுதானேன்னு விட்டுட்டேன்."

"எலே, சாட்சியைக் காவலுக்கு வச்சுப் பொரியும் போட்டிருக்காங்களே!" என்றான் சுடலைமுத்து.

நஞ்சுண்டமூர்த்தி திடீரென்று மீட்டருக்குப் பாய்ந்தார். "பாருங்க ஏட்டையா! இங்க 942379. லேப்டாப்ல கடைசி நம்பர் என்ன சொன்னாங்க? 942318. ஒத்துப்போகவே இல்ல! அறுபத்தொண்ணு இடிக்குது. உங்க லேப்டாப் தப்பு!"

சரோஜம்மாள் முன்பக்கம் வந்து மீட்டரைத் தானே படித்தாள். அவர் சொன்னது உண்மை. மீட்டர் பொய் சொல்லாது.

சுடலைமுத்து லேப்டாப்பை முழங்கையில் தாங்கியபடி ஒரு விசையைத் தட்டினான். "மேடம், திரை நிறைஞ்சு நின்னுருக்கு. கீழ இன்னும் இருக்கு."

"படி."

அவன் படிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி அவளுக்குக் காட்டினான்.

ஏழு பன்னிரண்டு. அதற்கடுத்த வரி, ஏழு நாற்பது. அதிலிருந்து மறுபடி வரிசையாக, எட்டு ஐந்து வரைக்கும். அறுபத்தொரு அடி. கடைசி எண் 942379.

சரோஜம்மாள் பிரஸ்ஸின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது எது என்று உணர்ந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"ஏழு பன்னிரண்டுக்குக் கங்கப்பன் கை போச்சு. ஏழு நாப்பதுக்கு மறுபடி ஓட்டியிருக்காங்க." வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "நடுவுல இருபத்தெட்டு நிமிஷம். அதுக்குத்தான் கெம்பம்மாவைச் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டினது. அதுக்குத்தான் பூசணிக்காய். ஆளை வண்டியில ஏத்தினீங்க, ரத்தத்தைக் கழுவினீங்க, திருஷ்டி கழிச்சீங்க, அதே பிரஸ்ஸுல இன்னொருத்தனை உட்கார வச்சு மிச்சத்தை அடிச்சீங்க."

"அறுபத்தொண்ணுதான் மேடம் பாக்கி," என்றார் நஞ்சுண்டமூர்த்தி. குரல் கெஞ்சியது, ஆனால் அவர் கெஞ்சியது, தன் சிரமம் இவர்களுக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக. "சென்னைத் துறைமுகத்துக்கு லாரி வாசல்ல நிக்குது. நம்ம ஆளுங்க பூஜை போட்ட மெஷினைத் தொடமாட்டோம்னு போயிட்டாங்க. நான் என்ன பண்றது? வெளியாளுங்களைக் கூட்டி வந்தேன். பட்டன்ல சில்லு வைக்கலைன்னா அவங்களுக்கு ஓட்டவே வரல. வேணும்னு பண்ணினதா? அறுபத்தொரு பீஸுக்காக ஒரு ஆர்டரே போகணுமா?"

கெம்பம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனாள். கதவுக்கு அப்பால் அவள் வாந்தி எடுப்பது கேட்டது.

"முனிவேல் ஏன்?" என்றாள் சரோஜம்மாள்.

"அவனுக்குத்தான் லேப்டாப் பார்க்கத் தெரியும்," என்றார் அவர், இதுகூடவா புரியவில்லை என்பது போல. "வெளியில விட்டு வெச்சா திறந்து பார்த்திருப்பான்."

வெங்கடசாமி தொப்பியை எடுத்து மாட்டினார். சட்டைப்பையிலிருந்த பொரியை வெளியே எடுத்து, ஒரு மூலையில் கொட்டி, உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தார். ஷெட் ஓரத்திலிருந்த டெலிபோனுக்குப் போய்ச் சுழற்றினார். ஸ்டேஷன் கிடைத்தது. எண்களையும் நேரங்களையும் சரோஜம்மாள் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே திரும்பச் சொன்னார். பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது, "நானே சாட்சிங்க ஐயா," என்று குரலை உயர்த்தினார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுடலைமுத்து," என்றாள் சரோஜம்மாள். "கேட்டுக்குப் போ. மாரம்மாகிட்ட, நேரா ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு. அவ புருஷன் கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல."

"கங்கப்பன் எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காம நான் நகரமாட்டேன் மேடம்."

"அதை நான் கேட்கிறேன். போ."

அவன் ஓடினான். அவள் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பிரஸ்ஸின் மேல் வைக்க மனமில்லாமல், சுவரில் வைத்து எழுதினாள்: லேப்டாப் நல்ல நிலையில் இருக்கிறது, நஷ்டம் எதுவும் இல்லை.

"கங்கப்பன் எந்த ஆஸ்பத்திரி?" என்று எழுதியபடியே கேட்டாள். நஞ்சுண்டமூர்த்தி படிவத்தை எட்டிப் பார்த்தார். "அப்போ அந்த க்ளெய்ம்?" என்றார்.

வெங்கடசாமி டெலிபோனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். இவ்வளவு நேரம் மேலாளரிடம் காட்டிய மரியாதை இப்போது அவர் குரலில் இல்லை.

"முனிவேலை அனுப்பிடறாங்களாம். லாக்கப்புல இடம் காலியா இருக்குதாம். மோதிரத்தையெல்லாம் இங்கேயே கழட்டி வெச்சுட்டு வர்றியா, அங்க வந்து கழட்டறியா?"